பாடகர் மாடியின் கடைசி இரண்டு படிகள்

ஏழு கல்யாண மண்டபம், நான்கு பள்ளிக்கூடம், மூன்று மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டி, ஒரு தியேட்டர், எண்ணி வைக்காத வீடுகள். திருநெல்வேலிக்கும் நாங்குநேரிக்கும் நடுவில் நான் கட்டியவை இவை. மூன்றாம் வகுப்பில் பாதியில் நின்றவன் நான். சாந்துச் சட்டி சுமந்து, கரணை பிடித்து, கொத்தனாராகி, பிறகு காண்டிராக்டரானேன். தியேட்டர் நிற்கிற இடம் கரிசல் மண். அதில் அஸ்திவாரம் பிடிக்காது என்று படித்த இன்ஜினியர்கள் இரண்டு பேர் கையை உதறிவிட்டுப் போனார்கள். நான் பிடிக்க வைத்தேன். இப்போது அதில் படம் ஓடவில்லை, உர மூட்டை அடுக்கி வைத்திருக்கிறார்கள். ஆனாலும் சுவரில் ஒரு முடி அளவு விரிசல் கிடையாது. நம்பாதவர்கள் போய்ப் பார்க்கலாம்.

கடல் தாண்டியும் ஒரு வேலை செய்திருக்கிறேன். கோலாலம்பூரில் பிரிக்பீல்ட்ஸுக்கும் செந்தூலுக்கும் நடுவே ஒரு பழைய மாதா கோயில் இருக்கிறது. பெயரைச் சொல்லவில்லை, காரணம் பின்னால் வரும். அந்தக் கோயிலில் பாட்டுப் பாடுகிறவர்கள் நிற்கும் மாடிக்குப் போகிற படிக்கட்டு என் கையால் ஆனது. நாற்பது வருஷம் இருக்கும். அன்றைக்கு நான் கல்யாணமாகாத இளவட்டம். மஸ்ஜித் இந்தியாவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த கடையநல்லூர் பாய் ஒருவர் என்னை வரவழைத்தார். என் வேலை அனுமதிப் பாஸில் சமையல்காரன் என்று போட்டிருந்தது. எனக்கு வெங்காயம் நறுக்கக்கூட வராது. பாய் என்னை ஒரு சீனக் காண்டிராக்டரிடம் வேலைக்கு அனுப்பிவிட்டார். அப்படியிருக்க, செய்த வேலைக்குப் பேர் போடச் சொல்லி நான் யாரிடம் கேட்பது?

கிள்ளானில் இருக்கிற என் மகள் செல்வி ஒரு நாள் போனில் சொன்னாள். அந்தக் கோயிலைப் புதுப்பிக்கப் போகிறார்களாம், அதைக் கட்டுவதில் கை வைத்தவர்கள் எல்லாருடைய பெயரையும் கல்லில் வெட்டி வாசலில் பதிக்கப் போகிறார்களாம். இது போதாதா எனக்கு? மகளைப் பார்க்கப் போகிறோம் என்று ஊரில் சொல்லிவிட்டு, என் மனைவி பேச்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு விமானம் ஏறினேன்.

இறங்கும்போதே முட்டி இரண்டும் மரத்துப் போயிருந்தது. அந்த விமான நிலையத்தில் நடக்கிற தூரத்துக்கு எங்கள் பக்கம் ஒரு பஸ் விடுவார்கள். மகள் வீடு பன்னிரண்டாவது மாடி. வீட்டுக்குள் நுழைந்ததும் நான் சுவரைத் தட்டிப் பார்த்தேன். பேச்சி உடனே மகளிடம், “உங்கப்பா வந்துட்டாரு, இனி வீட்டுச் செவருக்குத் தூக்கம் கெடையாது” என்றாள்.

சாயங்காலம் கிள்ளான் தெருவில் நடந்தோம். வெயில் நம் ஊர் வெயில் இல்லை. நம் ஊர் வெயில் அடித்துவிட்டுப் போகும், இது ஈரத் துணி மாதிரி மேலே ஒட்டிக்கொண்டே வருகிறது. இந்தியர் தெருவில் பூக்கடையும் முறுக்குக் கடையும் புடவைக் கடையும் வரிசையாக இருந்தன. கடை வாசலில் ஒலிபெருக்கி கத்துகிற சத்தத்தில் பேச்சி சொன்னது எனக்குக் கேட்கவில்லை. நான் சொன்னதை அவள் கேட்க விரும்பவில்லை. பழைய கடைகள் இரண்டு மாடி, முன்னால் ஐந்தடிக்கு மூடின நடைபாதை. மழையில் நனையாமல், வெயில் படாமல் கடைசிவரை போகலாம். இதை மட்டும் நம் ஊர்க் கடைக்காரர்கள் செய்திருந்தால் எத்தனை பேர் வாழ்த்துவார்கள்.

ஆற்றுப் பாலம் இரண்டு அடுக்கு. கீழ் அடுக்கில் நடந்து பாதி தூரம் போய், முட்டி ஒத்துக்கொள்ளாமல் திரும்பிவிட்டோம். வருகிற வழியில் உயரமான கோபுரத்தோடு ஒரு மாதா கோயில் இருந்தது. கதவு பூட்டிக் கிடந்தது. கம்பி வழியாகக் கைவிட்டுச் சுவர்ப் பூச்சைத் தடவினேன். பழைய சுண்ணாம்புப் பூச்சு, கன்னம் மாதிரி வழவழப்பு. அதற்கு மேலே யாரோ புதுசாகச் சிமெண்ட் பூசிக் கெடுத்திருந்தான். காவலுக்கு இருந்த நேபாளக்காரர் எழுந்து வந்து ஏதோ கேட்டார். பேச்சி என் கையைப் பிடித்து இழுத்து, “பூட்டுன கோயிலத் தடவிக்கிட்டு நின்னா திருடன்னு தான் நெனைப்பாங்க” என்றாள்.

இரண்டாம் நாள் கோலாலம்பூருக்கு ரயில். மகளும் மருமகனும் வேலைக்குப் போய்விட்டார்கள். செல்வி போனை அம்மாவிடம் கொடுத்து, சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் பக்கத்திலேயே என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினாள். ரயில் குளுகுளுவென்று இருந்தது. உட்கார்ந்து கண் மூடினேன். கொஞ்ச நேரத்தில் யாரும் பேசாதது உறைத்து விழித்துப் பார்த்தால், பெட்டி முழுக்கப் பெண்கள். எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள். சன்னலில் ரோஸ் நிறத்தில் ஏதோ எழுதி ஒட்டியிருந்தது. எனக்கு மலாயும் தெரியாது, ஆங்கிலமும் தெரியாது, அது எனக்கு எப்படிப் புரியும்? தலையில் துணி கட்டிய ஒரு மலாய்ப் பெண் மரியாதையாக ஏதோ சொன்னாள். பக்கத்தில் இருந்த தமிழ்ப் பெண் அதைத் தமிழில் சொன்னாள்: “அங்கிள், இது லேடிஸ் பெட்டி லா. அவங்க சொல்றாங்க, நீங்க வயசானவர், பரவால்ல, ஆனா ரயில் கார்ட் பார்த்தா ஃபைன் போடுவான்.”

வயசானவர் என்று சொன்னதில்தான் எனக்குக் கோபம். எழுந்து அடுத்த பெட்டிக்குப் போய்விட்டேன். பேச்சி வரவில்லை. அவளுக்கு அங்கே சன்னல் பக்கம் இடம் கிடைத்திருந்தது.

சென்ட்ரலில் கூட்டம் ஏறின வேகத்தில் நான் இறங்க முடியாமல் உள்ளேயே மாட்டிக்கொண்டேன். ரயில் கிளம்பும்போது பேச்சி நடைமேடையில் பையோடு நிற்பது தெரிந்தது. போன் அவளிடம். அடுத்த நிறுத்தத்தில் இறங்கினேன். அது பழைய ரயில் நிலையம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் நான் வந்து இறங்கிய இடம். வெள்ளைக் குவிமாடங்களும் வளைவுகளுமாக அரண்மனை மாதிரி இருக்கும், ஆனால் நடைமேடையில் ஆளே இல்லை. ஒரு வளைவின் கீழே நின்று அண்ணாந்து பார்த்தேன். வளைவை உச்சியில் பூட்டுகிற சாவிக்கல் இன்னும் இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. அதை வைத்தவன் யார் என்று எங்கேயும் எழுதவில்லை. கட்டச் சொன்ன வெள்ளைக்காரன் பெயர் மட்டும் எங்கேயாவது இருக்கும். எனக்கு அலுப்பு வந்துவிட்டது. அங்கே துடைத்துக்கொண்டிருந்த வங்காளதேசத்துப் பையனிடம் போன் வாங்கிச் செல்விக்குப் பேசினேன். அவள் அம்மாவுக்குப் பேசி, ஒருவழியாக மஸ்ஜித் இந்தியாவில் சந்திப்பது என்று முடிவானது.

டாக்சியில் வந்து இறங்கிய பேச்சி பையை என் கையில் திணித்தாள். பாயின் கடை இருந்த இடத்தைத் தேடினோம். இரண்டு தடவை தெருவை நடந்தும் பிடிபடவில்லை. துணிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்த பெரியவர் ஒருவர், கீழக்கரைப் பக்கத்துக்காரர், கேட்டதும் கை காட்டினார். அந்த இடத்தில் செல்போன் கவர் விற்கிறார்கள். பாய் இறந்து ரொம்ப நாளாகிறது, பிள்ளைகள் வேறே தொழிலுக்குப் போய்விட்டார்கள் என்றார். நான் படுத்திருந்த மாடி அறையின் சன்னல் மட்டும் அப்படியே இருந்தது. ஆறு பேர் படுத்திருந்தோம். சன்னலைப் பார்த்ததும் முதுகு வலித்தது.

பிரிக்பீல்ட்ஸில் வாழை இலையில் சாப்பாடு. சாம்பாரில் இனிப்பு. பேச்சி முகத்தைச் சுளித்துக்கொண்டே இரண்டாம் தடவையும் வாங்கினாள். பரிமாறியவன் அறந்தாங்கிப் பையன், பர்மிட்டில் வந்து இரண்டு வருஷமாகிறதாம். என்ன வேலைக்கு என்று பாஸில் போட்டிருக்கிறது என்று கேட்டேன். அவன் சிரித்துவிட்டு ரசம் எடுக்கப் போய்விட்டான்.

மூன்றாம் நாள் முழுக்க மழை. படுத்தே கிடந்தேன். நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றுதான் கோயில்.

தமிழ்ப் பூசை முடிகிற நேரத்துக்குப் போனோம். வெளியே நெசவு போல நெருக்கமாகக் கார்கள். கோயில் நான் அன்று பார்த்ததைவிடச் சின்னதாகத் தெரிந்தது. சுற்றிலும் முப்பது நாற்பது மாடி எழும்பிவிட்டது, அதனால் இருக்கும். சனம் கலைந்ததும் பாடகர் குழுவை நடத்துகிற அம்மா ஒருவர் எங்களிடம் வந்தார். பெயர் ஸ்டெல்லா. ஐம்பத்தைந்து வயது இருக்கும், செந்தூல் ரயில்வே குவாட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். ஊரிலிருந்து வந்திருக்கிறோம், மாடியைப் பார்க்க வேண்டும் என்றேன். நான் கட்டியது என்று உடனே சொல்லவில்லை. பார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று இருந்தேன்.

படி ஏறினோம். சுழலாத நேர்ப்படி, ஒரு பக்கம் சுவர். ஓரங்கள் தேய்ந்திருந்தன, ஆனால் ஒன்றுகூட இறங்கவில்லை. முட்டி வலியோடு எண்ணிக்கொண்டே ஏறினேன். மேலே நெருங்கும்போது ஸ்டெல்லா அம்மா திரும்பி, “கடைசி ரெண்டு படி சின்னது, பார்த்து அண்ணே” என்றார். பிறகு அந்தப் படியருகே நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

“இது எங்க பழைய ஃபாதர் வேணும்னே வச்சது. ஃபிரெஞ்சுக்காரர். பாடப் போறவங்க தலைக்கனத்தோட ஏறக்கூடாதுன்னு கடைசி ரெண்டு படியப் பாதி ஒயரத்துல வைக்கச் சொன்னாராம். இங்க வந்ததும் கால் தானா நிதானிக்கும். தாழ்மைப் படின்னு சொல்வோம். புதுசா யாரு குழுவுல சேர்ந்தாலும் முதல்ல இங்க நிறுத்தித்தான் சொல்லிக் கொடுப்போம்.”

புதுக் கல்லிலும் அப்படியே வெட்டப் போகிறார்களாம்: தாழ்மைப் படிகளை அமைத்தவர் என்று அந்தச் சாமியார் பெயர்.

இனி வாசகர்களிடம் மறைத்துப் பயனில்லை. எங்கள் பக்கம் படி கட்டும்போது கீழிருந்து எண்ணிக்கொண்டே போவோம். முதல் படி லாபம், அடுத்தது நஷ்டம், மறுபடி லாபம். கடைசியில் கால் வைக்கிற இடம் லாபத்தில் முடிய வேண்டும். நஷ்டத்தில் முடிந்தால் அந்த வீட்டில் என்ன கெட்டது நடந்தாலும் கொத்தனாரைத்தான் திட்டுவார்கள். எந்தக் கொத்தனாரும் அதற்கு ஒத்துக்கொள்ள மாட்டான். சீனக் காண்டிராக்டர் எனக்குச் சுவரில் பென்சிலால் கோடு போட்டுக் காட்டிவிட்டு அவர் ஊருக்குப் போய்விட்டார். வரைபடம் பார்க்கத் தெரியாத நான் கோட்டைப் பார்த்துக் கட்டிக்கொண்டே போனேன். பதின்மூன்று முடிந்த பிறகுதான் எண்ணிப் பார்த்தேன். மாடித் தரையோடு பதினான்கு. நஷ்டம்.

முதலிலேயே எண்ணியிருந்தால் உயரத்தைப் பதினைந்தாகச் சமமாகப் பிரித்திருக்கலாம். எண்ணவில்லை. அதுதான் என் தப்பு. மூன்று நாளில் திருவிழா, உடைக்க நேரமில்லை. பதின்மூன்றாவது படி அகலமாக இருந்தது. அதன் பாதியில் மூன்றரை அங்குலத்துக்குச் செங்கலைப் படுக்க வைத்து ஒரு அரைப்படி எழுப்பினேன். அதிலிருந்து மாடிக்கு இன்னொரு மூன்றரை. பதினைந்து, லாபம். சாமியார் வந்து ஏறினார், அந்த இடத்தில் தடுமாறிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். அவர் நம்மைவிட நல்ல தமிழ் பேசுவார். ஏன் இப்படி என்று கேட்டார். லாப நஷ்டம் சொன்னேன். “ஆண்டவர் வீட்டில் யாருக்கப்பா லாபம்?” என்று கேட்டுவிட்டுச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனார். ஒரு மாதத்தில் நான் ஊர் திரும்பிவிட்டேன்.

ஸ்டெல்லா அம்மாவிடம் இதைச் சொன்னேன். அவர் நம்பவில்லை. சிரித்துக்கொண்டே, “நல்லாத்தான் கதை சொல்றீங்க அண்ணே” என்றார். நான் குனிந்து கையிலிருந்த குடைக் கம்பால் பன்னிரண்டாவது படியைத் தட்டினேன், பிறகு அரைப்படியைத் தட்டினேன். மற்றதெல்லாம் கான்கிரீட், கணீரென்று கேட்கும். அரைப்படி செங்கல், மந்தமாகக் கேட்கும். மேலே பூச்சு ஒன்றுதான், கண்ணால் பார்த்தால் தெரியாது. மறுபடி தட்டினேன். அவர் என் கையிலிருந்து குடையை வாங்கி அவரே தட்டிப் பார்த்தார். பிறகு அந்தப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“அப்ப நாங்க இத்தன வருஷம் தாழ்மைன்னு நெனச்சு ஏறினது?” என்று கேட்டார்.

பேச்சி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

ஸ்டெல்லா அம்மா இன்னொன்று சொன்னார். அப்போது அவர் பள்ளிக்கூடம் படிக்கிற பெண், குழுவில் புதிது. திருவிழா முடிந்த வாரம் ஊரிலிருந்து திரும்பிய சீன முதலாளித் தவுக்கேயும் கோயில் கமிட்டி ஆட்களும் இந்தப் படியில் நின்று சத்தம் போட்டார்கள். எவன் கட்டினான், அவனைக் கூப்பிடு, பேர் என்ன, பாஸ் எங்கே என்று. சாமியார் மேலே ஏறி வந்து, நான்தான் இப்படி வைக்கச் சொன்னேன், பாடுகிறவர்களுக்குத் தாழ்மை வேண்டும் என்று சொன்னாராம். அதோடு எல்லாரும் அடங்கிப் போனார்களாம். “அன்னைக்கித்தான் அந்தக் கதையையே நாங்க முதல்ல கேட்டோம்” என்றார்.

இது எனக்கு அன்றுவரை தெரியாது. ஒரு நாள் சாமியார் என் பாஸைக் கேட்டு வாங்கிப் பார்த்தது நினைவுக்கு வந்தது. பார்த்துவிட்டு அப்படியே திருப்பிக் கொடுத்தார். அந்தச் சத்தத்தில் என்னைக் கூப்பிட்டிருந்தால் சமையல்காரன் பாஸோடு நான் அன்றைக்கே லாக்கப்பில்.

இப்போதிருக்கிற ஃபாதரைக் கீழே பார்த்தோம். இந்த ஊரிலேயே பிறந்தவர், முப்பத்தைந்து வயது இருக்கும். முழுக்கக் கேட்டார். பெயர் போட வேண்டும் என்றேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு சொன்னார்:

“அங்கிள், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. சேஃப்டி பார்க்க வந்தவங்க அந்தப் படியத்தான் முதல்ல உடைக்கச் சொன்னாங்க. பழைய ஃபாதரோட ஞாபகம்னு சொல்லித்தான் காப்பாத்தி வச்சிருக்கோம். அது கொத்தனார் தப்புன்னு எழுதிட்டா, அதை நிறுத்தி வைக்க எனக்குக் காரணமே இல்ல. பேர் இருக்கும், படி இருக்காது.”

என்ன வேண்டுமோ அதை எழுதிக் கொடுங்கள், கமிட்டியில் வைக்கிறேன், அதுவரை கோயில் பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். மரியாதையான மனிதர். டீயும் வரவழைத்துக் கொடுத்தார்.

கிள்ளானுக்குத் திரும்பும் ரயிலில் பேச்சி என்னோடு பொதுப் பெட்டியிலேயே வந்தாள். உட்கார இடமில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். இரண்டு நிறுத்தம் போன பிறகு, “அவரு உங்களுக்காகப் பொய் சொன்னாரு. அந்தப் பொய்ய ஒடச்சித்தான் நீங்க பேரு வாங்கணுமாக்கும்?” என்றாள். ஒரு சீனப் பையன் எழுந்து எனக்கு இடம் கொடுத்தான். நான் பேச்சியை உட்காரச் சொன்னேன். அவளும் உட்காரவில்லை. அந்த இடம் சுபாங் நிலையம்வரை காலியாகவே வந்தது.

ஊருக்கு வந்து பதினைந்து நாள் ஆகிறது. கால் வீக்கம் இன்னும் வடியவில்லை. பேச்சி வேண்டாம் என்கிறாள், செல்வி உங்கள் இஷ்டம் என்கிறாள். எனக்குத் தெரிந்த எழுத்தில் இதை எழுதிவிட்டேன். கமிட்டிக்கும் இதையேதான் அனுப்புகிறேன்.

கமிட்டியாருக்குச் சொல்லிக்கொள்வது. அந்தப் படிக்கட்டைக் கட்டியது சங்கரன் மகன் இசக்கிமுத்து, நாங்குநேரிப் பக்கம். பதின்மூன்று படி சரியாகக் கட்டினேன், கடைசி இரண்டைத் தப்பாகக் கட்டினேன். உடைப்பதானால் உடையுங்கள், சட்டத்தை நான் குறை சொல்ல மாட்டேன். செங்கலாக இருக்கிறது, அரை நாள் வேலைதான். ஸ்டெல்லா அம்மா மாதிரிப் பாடுகிறவர்கள் அந்த இடத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டால் போடட்டும், தாழ்மை அவர்களுடையது, அதில் எனக்குப் பங்கு வேண்டாம். ஆனால் அந்த வெள்ளைக்காரச் சாமியார் நாற்பது வருஷமாக என் தப்பைத் தன் பெயரில் வைத்திருக்கிறார். இறந்த பிறகும் கல்லில் வெட்டி அவர் மேலேயே ஏற்றி வைக்கப் பார்க்கிறீர்கள். அவர் ஒரு படியும் தப்பாக வைக்கச் சொன்னவர் இல்லை. அதை அவர் பெயரிலிருந்து எடுத்து என் பெயரில் போடுங்கள். அது நான் செய்தது, எனக்கு வேண்டும்.